சத்துப் பட்சணக்காரர்

பண்டிகைப் பட்சணத்திலிருந்து மைதா, வெள்ளைச் சர்க்கரை, வனஸ்பதி மூன்றையும் வெளியேற்றியவர் சத்துப் பட்சணக்காரர் எனப்படுவார். சென்னை கோட்டூர்புரத்து அடுக்ககங்களில் மாடிக்கு ஒருவராவது உண்டு. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய மாமிகள். அண்மைக்காலமாக வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மாமாக்களும் இந்தத் துறையில் இறங்கியிருக்கிறார்கள்.

இவரை உருவாக்குவது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. வீட்டில் யாராவது ஒருவருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1 என்று வரும். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி என்பது மருத்துவக் கணக்கு. வாசற்படியில் நிற்பவருக்கு மைசூர்பாகு கொடுப்பது பாவம். பட்சணமே இல்லாமல் தீபாவளியை அனுப்புவது அதைவிடப் பாவம். இரண்டு பாவத்துக்கும் பரிகாரமாக வந்தது கேழ்வரகு லாடு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, அது தன் சமையலறைக்குக் கிடைத்த மரியாதை என்றே இவர் எடுத்துக்கொண்டார்.

கொலு பொம்மைகள் பரண் ஏறியதும் இவருடைய பருவம் தொடங்கும். பேட்டையின் மரப் பூங்காவில் காலை நடை நடக்கும்போதே மரச்செக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும் என்ற விசாரணை முடிந்துவிடும். தினை, சாமை, வரகு, நாட்டுச் சர்க்கரை, உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் வந்து இறங்கும். கருப்பட்டியை உடைத்து, முகர்ந்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதில் சீனி கலந்திருக்கிறதா என்பது சோதனை. எந்தத் துணுக்கும் இனிப்பாகவே இருப்பதால் முடிவு பெரும்பாலும் கடைக்காரருக்குச் சாதகமாகவே அமையும்.

முதல் சோதனை முறுக்கில் வரும். அரிசிமாவு நாலு பங்குக்கு உளுத்தமாவு ஒரு பங்கு என்பது தேன்குழலின் பழைய கணக்கு. மாவுக்கு ஒட்டுக் கொடுப்பது உளுந்து. சத்துப் பட்சணக்காரர் அரிசிக்குப் பதில் வரகைப் போட்டு, வாயு என்று உளுந்தையும் குறைத்துவிடுவார். நாழியை அழுத்தினால் மாவு சுற்றாது. விரற்கடை நீளத்தில் ஒடிந்து ஒடிந்து விழும். பத்து நிமிடம் போராடியபின் அதில் வேர்க்கடலையும் கறிவேப்பிலையும் வறுத்துப் போட்டால் அதன் பெயர் சிறுதானிய மிக்சர். எண்ணெயே வேண்டாம் என்று ஏர் ஃப்ரையரில் வைக்கும் தீவிரப் பிரிவினரும் உண்டு. அதில் வெளிவரும் முறுக்கு பொரிந்திருக்காது, காய்ந்திருக்கும். தாத்தாக்கள் அதைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள்.

லாடில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அதில் நெய் இருக்கிறது. ஒரு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் ஊற்றினால்தான் உருண்டை பிடிக்க வரும். கேட்டால், நாட்டு மாட்டு நெய், நல்ல கொழுப்பு என்பது பதில். எந்த மாட்டின் நெய்யானாலும் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. நூறு கிராம் சர்க்கரையில் 400 கலோரிக்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தில் சுமார் 380. வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். இதை எடுத்துச் சொல்பவருக்கு, "வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கே?" என்ற கேள்வி பதிலாகக் கிடைக்கும்.

அடுத்தது விநியோகம். எவர்சில்வர் சம்படத்தில் நாலு லாடு, கூடவே ஐந்து நிமிடப் பிரசங்கம். கேழ்வரகில் பாலைப்போல மூன்று மடங்கு கால்சியம் என்பது பிரசங்கத்தின் சாரம், அது உண்மையும்கூட. எதிர்வீட்டார் ஒன்றைக் கடித்து, "வித்தியாசமா இருக்கு மாமி" என்பார்கள். சென்னையில் இந்த வாக்கியத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

இவரிடம் மயங்காதவர் வீட்டில் ஒருவரே: எண்பதைக் கடந்த மாமியார். வறுத்த பருப்பு, வெல்லம், சுக்கு சேர்த்துப் பிடித்து "புரோட்டீன் பால்" என்று நீட்டினால், திருப்பிப் பார்த்துவிட்டு, "பொரிவிளங்காய் உருண்டைதானே? கொஞ்சம் மெத்துனு இருக்கு" என்பார். தினைமாவு, எள்ளுருண்டை, பயத்தம் உருண்டை எல்லாம் அவர் காலத்திலும் வெல்லத்தில் செய்தவைதான். யாரும் அவற்றைச் சத்து என்று சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டுத் தகர டின்னைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

சத்துப் பட்சணக்காரரோ டின்னைச் சாப்பாட்டு மேசையில் திறந்தே வைப்பார். "எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாது" என்பது இவருடைய உத்தரவாதம். மைசூர்பாகை ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொண்டிருந்த 6.1காரர், அதை நம்பி நாளுக்கு ஆறு லாடு சாப்பிடுவார்.

இவர் கை வைக்காத பண்டம் ஒன்று உண்டு: தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய், தேன் என்று பாட்டி சொன்னபடியே கிளறுவார். எண்ணெய் ஸ்நானம் முடிந்ததும் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. வீட்டில் அளவு சொல்லிக் கொடுக்கப்படும் பட்சணம் இது ஒன்றே. மிஞ்சும் லேகியம் பொங்கல் வரை ஃப்ரிட்ஜில் இருக்கும். லாடு மிஞ்சியதில்லை.