நாற்பதாம் பக்கத்து நாயகர்

காலை 4.58. திருச்சி தில்லைநகரில் எங்கள் தெருவில் சேவல் கிடையாது. அந்த வேலையைக் கோச் சார் பார்க்கிறார். வாட்ஸ்அப் குழுவில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும் படம் ஒன்று வந்து விழும். அதன் கீழே, "எழுந்தவர்கள் கை தூக்கவும்." அவ்வளவுதான், கட்டைவிரல்கள் மளமளவென்று முளைக்கும். எழுந்திருப்பது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான், மிச்ச உடம்பு போர்வைக்குள்தான் என்பது போட்டவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். "சூப்பர் டீம்!" என்பார் கோச் சார். 5.03க்கு டீம் மறுபடி தூங்கிவிடும்.

கோச் சார் எந்த ஆட்டத்துக்கும் கோச் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கொரோனா ஊரடங்கில் ஊரெல்லாம் மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்தபோது, இவர் குழு வைத்தார். சுயமுன்னேற்றப் புத்தகங்களை மாதம் ஒன்றாகச் சேர்ந்து படிக்கும் குழு. தக்காளி வைத்தவர்கள் வீட்டில் இன்று வெறும் தொட்டிதான் மிச்சம். குழுவோ தழைத்து இருநூறு பேரைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவுக்கு 1,024 பேர் வரை இடம் உண்டு என்று யாரோ சொல்லப்போக, "பார்த்தீங்களா, நம்ம முழுத் திறமையை நாம இன்னும் தொடவே இல்லை" என்று அதையும் பாடமாக்கிவிட்டார்.

புதிதாக யாராவது சேர்ந்தால் கேட்கும் முதல் கேள்வி, "வணக்கம் ஐயா, பிடிஎஃப் கிடைக்குமா?" இரண்டாவது கேள்வி, "தமிழ்ல பிடிஎஃப் கிடைக்குமா?" மூன்றாவது கேள்வி இதுவரை வந்ததில்லை. கோச் சார் அதையெல்லாம் ஊக்குவிக்க மாட்டார். அவருக்குக் காகிதப் புத்தகம்தான் வேண்டும். அது வந்ததும் பக்கத்தில் டபராவில் காபியை வைத்துப் படம் எடுப்பார். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று ஹைலைட்டர். மஞ்சள் முக்கியம், பச்சை மிக முக்கியம், ரோஸ் வாழ்க்கையையே மாற்றுவது. முதல் அத்தியாயத்தைப் பார்த்தால் ஹோலி முடிந்த தெரு மாதிரி இருக்கும்.

படித்ததை அன்றைக்கே கடைப்பிடிப்பது அவர் கொள்கை. டேல் கார்னகி 1936இல் எழுதிய, நண்பர்களைச் சம்பாதிக்கும் வழி சொல்லும் புத்தகம் ஓடிய மாதம் அது. எவரையும் பெயர் சொல்லி அழைத்தால் அவர் மனம் குளிரும் என்பது அதிலுள்ள பாடங்களில் ஒன்று. பதினைந்து வருடமாக "மாஸ்டர், ஒரு டீ" என்று கேட்ட டீக்கடையில் போய், மாஸ்டரின் பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்டு, வாக்கியத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, சாருக்கு ஏதும் பண முடையா? பேச்சு ஒரு மாதிரி இருக்கு. கடன் கேட்டா எங்கிட்ட இல்லைன்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

ஸ்டீபன் கவியின் ஏழு பழக்கங்கள் புத்தகம் 1989இல் வந்தது. எங்கள் குழுவுக்கு வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதில் வேலைகளை நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறது: அவசரமும் முக்கியமும், அவசரமில்லாத முக்கியம், முக்கியமில்லாத அவசரம், இரண்டுமில்லாதது. கோச் சார் ஒரு சார்ட் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது கட்டங்களில் எழுத்து இருந்தது. எல்லாம் அவர் மனைவியின் கையெழுத்து. முதல் கட்டத்தில் "கேஸ் புக் பண்ணணும்". இரண்டாவதில் "மாமாவுக்குக் கண் ஆஸ்பத்திரி". மூன்றாவதில் "கேபிள்காரர்". நான்காவதில் எங்கள் குழுவின் பெயர். "சரியா எழுதியிருக்கேனாண்ணே?" என்று கேட்டார். கவியே நேரில் வந்திருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

பிறகு ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்'. 2018இல் வந்த புத்தகம். தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் ஆண்டு முடிவில் 37 மடங்கு முன்னேறலாம் என்ற கணக்கைக் கோச் சார் குழுவில் போட்டார். எல்லோரும் கை தட்டினோம். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் எழுதினார்: "கணக்கு சரிதான் சார். கூட்டு வட்டி. ஆனா போட்ட பணம் ஒரே வருஷத்துல 37 மடங்காகும்னு எவனாவது வந்து சொன்னா, நாங்க டெபாசிட் போட மாட்டோம். போலீஸைத்தான் கூப்பிடுவோம்."

அந்த மாதம்தான் '21 நாள் சவால்' தொடங்கியது. எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது குழுவின் வேதவாக்கு. இந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தில் அறுவை செய்துகொண்டவருக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போலப் பிடிக்கிறது என்று அதில் சொன்னார். மூக்குக்குச் சொன்னதை நாம் முழு மனிதனுக்கும் வைத்துக்கொண்டோம். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கண்காணித்து, 2009இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பழக்கம் படிய ஆனது, நடுவாந்தரமாக 66 நாள். ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18இலிருந்து 254 வரை. இதை நான் குழுவில் போட்டேன். கோச் சார் தனியே அழைத்தார். "உண்மையா இருக்கலாம் சார். ஆனா 254 நாள் சவால்னு போஸ்டர் போட்டா எவன் சேருவான்?"

சவாலுக்கு ஆளுக்கொரு 'அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர்' உண்டு. எனக்கு வாய்த்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்குப் பார்க்கும் ஓர் அக்கா. நான் எழுந்ததற்கு அவர் சாட்சி, அவர் எழுந்ததற்கு நான் சாட்சி. பத்திர ஆபீஸ் வாசலில் நிற்பவர்கள் முகம் தெரியாதவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்களே, அதே நேர்த்தியோடு 21 நாளும் போட்டுக்கொண்டோம். இரண்டு பேருக்கும் பிடிஎஃப்பில் சான்றிதழ் வந்தது. குழுவில் எல்லோர் கையிலும் கிடைத்த ஒரே பிடிஎஃப் அதுதான்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஜூம் கூட்டம். முதல் பத்து நிமிடம் "சார், நான் பேசறது கேக்குதா?" அடுத்த பத்து நிமிடம் "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க." நடுவில் யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில் விடும். கோச் சார் தொண்டையைச் செருமி, "ஸோ, இந்த அத்தியாயத்துல ஆசிரியர் என்ன சொல்ல வர்றாருன்னா..." என்னும்போது இலவசக் கணக்கின் நாற்பது நிமிடம் தீர்ந்து, ஜூம் கழன்றுகொள்ளும். நேரம் தவறாமை பற்றி நாங்கள் நான்கு புத்தகம் எடுத்திருக்கிறோம். அதைக் கடைப்பிடிக்கும் ஒரே உறுப்பினர் ஜூம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குழுவில் ஒருநாள் விபரீதம் நடந்தது. ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் ஒருவர். ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு கட்டைவிரல் போட்டதில்லை. திடீரென்று எழுதினார்: "சார், புத்தகம் முடிச்சிட்டேன். பஸ்லயே படிச்சேன். அதுல சொன்ன மாதிரி செஞ்சும் பார்க்கறேன். ஒன்பதாம் அத்தியாயத்துல மட்டும் ஒரு சந்தேகம்."

குழு உறைந்துபோனது. பார்க்காதவர் இல்லை, பதில்தான் விழவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்துக் கோச் சார், "நைஸ்! ஆனா டீம் இப்போ மூணாவது அத்தியாயத்துல இருக்கு. எல்லாரும் சேர்ந்தே பயணிப்போம்" என்று கைகூப்பினார். மறுநாள் காலை அந்தப் பெண் குழுவிலிருந்து விலகியிருந்தார். "கமிட்மென்ட் இல்லாதவங்க நிலைக்க மாட்டாங்க" என்றார் கோச் சார். நாங்கள் கட்டைவிரல் போட்டோம்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் காபி சொல்ல உள்ளே போனார். நான் அலமாரி முன்னால் நின்றேன். புத்தகங்களை முதுகு உள்ளே போக, தாள் விளிம்பு வெளியே தெரிய அடுக்கியிருந்தார்கள். தூசி தட்டியவரின் கைவேலையாக இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கைபட்ட அழுக்கு ஒரு கோடாக ஓடி, ஏறக்குறைய நாற்பதாம் பக்கத்தில் நின்றிருந்தது. அதற்கு மேல் தும்பைப்பூ வெள்ளை. முப்பது புத்தகம், முப்பதிலும் ஒரே உயரம். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் தெரியுமே, அந்தக் கோடு.

கீழ்த்தட்டில் இரண்டு பழைய புத்தகங்கள். அப்துற்-றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி', எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. 1988இல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தில் கமல்ஹாசனுக்கு உதயமூர்த்தி என்று பெயர் வைத்தார்களே, அந்த உதயமூர்த்தி. லால்குடியில் குமாஸ்தாவாக இருந்த கோச் சாரின் அப்பா படித்தவை. அட்டை கிழிந்து, ஊசி நூலால் தைத்திருந்தது. விளிம்பு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பழுப்பு. "இதை அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்து வாங்குவாரு" என்றார் காபியோடு வந்த கோச் சார். ஒரு பிரதியை ஓர் அலுவலகமே ஆளுக்கொரு வாரம் தனித்தனியாகப் படித்து முடித்திருக்கிறது. நாங்கள் ஆளுக்கொரு பிரதியை வாங்கி, எல்லோருமாகச் சேர்ந்து முடிக்காமல் வைத்திருக்கிறோம்.

"ஏன் சார் நாற்பதோட நிக்குது?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே, "முடிச்சிட்டா செய்யணுமில்ல சார்" என்றார். பிறகு, "அதுக்குள்ள அடுத்த மாசப் புத்தகம் வந்துடுது" என்று சேர்த்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் ரோஸ் ஹைலைட்டருக்குத் தகுதியானது இதுதான்.

மேனேஜர் சார் இதற்கும் ஒரு யோசனை சொன்னார். திருக்குறளில் 60ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கண் அழியாமை. நான்கும் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் 40 குறள், 80 அடி. "நாற்பதாம் பக்கத்துக்குள்ளயே முடிஞ்சிடும் சார்" என்றார். "அது ஸ்கூல்லயே படிச்சாச்சே!" என்று கோச் சார் மறுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஓர் அலமாரி இருக்கும். அதிலிருந்து ஒரு சுயமுன்னேற்றப் புத்தகத்தை எடுத்து விளிம்பைப் பாருங்கள். அழுக்குக் கோடு எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து படியுங்கள். படம் எடுக்க வேண்டாம், கட்டைவிரல் தூக்க வேண்டாம். முடித்துவிட்டால் தயவுசெய்து எங்கள் குழுவில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.