479 வரைக்கும் எண்ணத் தெரிஞ்சவங்க

வா பேராண்டி, திண்ணையில குந்து. சிப்காட்ல வேலை கிடைச்சிட்டுதாமே! விடியக்காலம் பொன்னேரி ஸ்டேஷன்ல ரயிலேறு, கவரப்பேட்டை தாண்டினா கும்மிடிப்பூண்டி. கழுத்துல தொங்கற அட்டையில மட்டும் கம்பெனி பேரைத் தேடாதே. கான்ட்ராக்ட்காரர் பேருதான் இருக்கும். உழைக்கறது ஒரு வீட்டுக்கு, ரேஷன் கார்டுல பேரு இன்னொரு வீட்டுல!

உனக்கு நான் சொல்ற புத்தி ஒன்னுதான்: எண்ணிப் பழகு.

எங்க காலத்துல களத்துல நெல்லு அளக்கறவன் முதல் மரக்காலை ஒன்னுன்னு சொல்ல மாட்டான், ‘லாபம்’னுதான் ஆரம்பிப்பான். யாருக்கு லாபம்னு அவனும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அவன் மோசம் முதல் எண்ணுல. இப்ப மோசம் கடைசி எண்ணுல. எம்.ஜி.ஆர். ஆட்சியில 1981ல ஒரு சட்டம் போட்டாங்க: 24 மாசத்துல 480 நாள் வேலை செஞ்சவன் பர்மனென்ட். நம்ம மாநிலத்துக்குன்னே வந்த நல்ல சட்டம். அன்னையிலயிருந்து நிறைய கம்பெனிங்க 479 வரைக்கும் அழகா எண்ணக் கத்துக்கிச்சு.

உங்க சித்தப்பனையே பாரு. ஒரே ஷெட்டுல 9 வருஷம். கான்ட்ராக்ட்காரர் மட்டும் 4 தடவை மாறினாரு. மிஷின் மாறல, இவன் மாறல. ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா சேந்த ஆளு, நாப்பது வயசுல புது மாப்பிள்ளை! பக்கத்து மிஷின்ல நிக்கற பர்மனென்ட் ஆளுக்கு இவனைப் போல ரெண்டு பங்கு சம்பளம். ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு ஒப்பந்தத் தொழிலாளர் விதியில இருக்கேங்கறியா? இருக்கு, கண்ணு. மிஷின் ஓட்டறவனை ஏட்டுல ‘ஹெல்பர்’னு எழுதிட்டா விதிக்குக் கண்ணு தெரியாது.

கேட் முன்னாடி நின்னு கேக்கலாம்தான். உனக்குப் பின்னாடி ஒடிசா, பீகார்லயிருந்து வந்த புள்ளைங்க அட்டைக்கு நிக்குது. அதுங்களைத் திட்டாதே. அதுங்களும் தாத்தாவை ஊர்ல விட்டுட்டு வந்ததுதான்.

சர்க்காரைக் குறை சொல்லாதே, அதுக்கு ஞானம் சீக்கிரம் வரும். 2023 ஏப்ரல்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிட்டு சட்டசபையில மசோதா நிறைவேத்தினாங்க. கூட்டணிக் கட்சிங்களே கத்தினதும் மே தினத்துக்குள்ள வாபஸ். காலண்டர் அந்தப் பக்கம் வந்தது நம்ம அதிர்ஷ்டம்.

டெல்லி இன்னும் தாராளம். 2019ல கம்பெனிங்களோட அடிப்படை வரியை 30லயிருந்து 22 சதவீதமாக்கினாங்க. அப்ப புதுசா தொடங்கின ஆலைக்கு 15. பிக்கெட்டின்னு ஒரு பிரெஞ்சுக்காரரும் கூட்டாளிங்களும் கணக்குப் போட்டாங்க: 2022-23ல நாட்டு வருமானத்துல 22.6 சதவீதம் உச்சியில இருக்கற நூத்துல ஒருத்தர் கைக்குப் போச்சாம். வரியும் இருபத்திரெண்டு, பங்கும் இருபத்திரெண்டு. பொருத்தம் பாக்கற ஜோசியர் கூட இவ்ளோ பொருத்தம் சொன்னதில்ல.

அந்தா, கதவுக்குப் பின்னாடி உங்க பாட்டி கரியில பால் கணக்கு போட்ட சுவரு. முதல் நாளே ஒரு கோடு போடு. 470 ஆனதும் என்னாண்ட சொல்லு. கம்பெனி உனக்கு இன்னா குத்தம் கண்டுபிடிக்கப் போவுதுன்னு நானும் யோசிச்சு வைக்கறேன். கரித்துண்டு அடுப்பாண்ட கீது. முதல் கோட்டை ‘லாபம்’னு மட்டும் எண்ணிடாதே, எனக்கு சிரிப்பு வந்துடும்.