முட்டை விலையின் நகரும் சராசரியும் சோம்பலின் இலக்கணமும்

மோகனூரில் காவிரிக் கரையில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு அசலதீபேஸ்வரர் என்று திருநாமம். அசையாத தீபத்தை உடையவர் என்பது அதன் பொருள். அப்பேர்ப்பட்ட க்ஷேத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு நகருகின்ற ஒன்றைப் பற்றி, அதிலும் முட்டை விலையின் நகரும் சராசரியைப் பற்றி, ஆராய்ச்சி நிகழ்த்துவது அபசாரமாகாதா என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். ஆட்சேபம் கனமானதுதான். ஆயினும், 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பக்கத்து நாமக்கல் மண்டலத்துக்கென்று பண்ணைக் கொள்முதல் விலையை ஐந்து காசு ஏற்றியும் பத்துக் காசு இறக்கியும் அறிவித்துக்கொண்டே இருக்கிற வரையில், தீபம் அசையாதிருந்தாலும் முட்டை விலை அசைந்தே தீரும் என்று விநயத்துடன் பதிலுரைத்து, மேலே செல்கிறேன்.

புரட்டாசி பிறந்து ஊரெல்லாம் நாமம் தரித்தால் சரிவதும், டிசம்பரில் கேக் சுடுவோர் கை ஓங்கினால் ஏறுவதுமாகிய ஒரு விலையை ஒருநாள் மட்டும் பார்த்துவிட்டு அதன் சுபாவத்தை நிச்சயிப்பது, மாமியார் வீட்டுக்கு முதல் நாள் போன மாப்பிள்ளை அங்கே கிடைத்த உபசாரத்தை வைத்து ஆயுள் முழுவதற்கும் திட்டம் போடுவதை ஒக்கும். ஆகவே கடைசி ஏழு நாள் விலைகளைக் கூட்டி ஏழால் வகுத்து, மறுநாள் அந்த ஏழு நாள் ஜன்னலை ஒருநாள் தள்ளிவைத்து மறுபடி வகுக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹூக்கர் என்பவர் 1901இல் இந்த உபாயத்தைக் கையாண்டார். நகரும் சராசரி என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

இனி சோம்பல். திருவள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்த இந்தக் குணம், 1976இல் மேல்நாட்டுக் கணிப்பொறி வல்லுநர்களிடம் சாஸ்திர அந்தஸ்து பெற்றுவிட்டது. ஃப்ரீட்மனும் வைஸும் ஒரு புறம், ஹெண்டர்சனும் மாரிஸும் மறு புறமாக, ஒரு கணக்கின் விடையை யாரேனும் கேட்கிற வரையில் அந்தக் கணக்கைப் போடவே வேண்டாம் என்று அவ்வாண்டிலே எழுதினார்கள். இக்கொள்கையை உயிர்நாடியாகக் கொண்டு 1990இல் ஹாஸ்கெல் என்னும் மொழி பிறந்தது. 2007இல் வெளிவந்த குளோஜரும் தொடர்களின் மட்டில் இந்நெறியையே தழுவிற்று. 1888இல் இவ்வூரில் அவதரித்துத் திருக்குறளுக்கு உரையும் கண்ட நாமக்கல் கவிஞர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் மோகனூர்வாசிகளுக்கு இது புதிதன்று. மேட்டூர் அணை வந்த 1934 முதல் எங்கள் காவிரியே ஒரு சோம்பல் தொடர்தான்: மேட்டூரில் மதகு திறந்தால் இங்கே ஜலம், திறக்காவிட்டால் மணல். ஆறு முடிவற்றது, ஆனால் கேட்ட அளவே வரும் என்பதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

முடிவில்லாத ஒரு விலைத் தொடருக்குச் சராசரி காண்பது எப்படி என்பதே கேள்வி. ஒவ்வொரு நாளும் ஏழு எண்களையும் புதிதாகக் கூட்டுவது பாமரர் வழி. உதாரணத்துக்கு ஏழு நாள் விலை 500, 510, 520, 505, 515, 525, 530 காசுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,605, சராசரி 515. எட்டாம் நாள் 535 என்றால், வந்த 535க்கும் போகிற 500க்கும் வித்தியாசம் 35. அதை ஏழால் வகுத்து வரும் 5ஐப் பழைய சராசரியோடு சேர்க்க 520 என்று விடை தானே வந்து நிற்கிறது. சார்புநெறி நிரலாளர்கள் இதற்காக ஒரே தொடரை இரண்டாகப் பாவித்து, ஏழடி முன்னே ஒன்றையும் பின்னே மற்றொன்றையும் நடக்கவிடுகிறார்கள். புறப்பாட்டில் முன்னே நாதஸ்வரமும் ஏழடி பின்னே சுவாமியும் வருவது போல, முன்னவர் புதிய விலையை ஏற்க, பின்னவர் பழைய விலையைக் கழித்துக்கொண்டே வருகிறார்.

இந்த சித்தாந்தத்தை எனக்கு முதலில் உபதேசித்தவர் எங்கள் தெருவில் முட்டை விற்கும் ஆயா. அவர் கதவருகே சுவரில் கரித்துண்டால் ஏழு விலைகளை எழுதிவைத்திருப்பார். புதிய விலை வந்ததும் மிகப் பழையதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு அந்த இடத்திலேயே எழுதுவார். ஏன் எல்லாவற்றையும் வைத்திருக்கக்கூடாது என்று கேட்டேன். "செவுரு பத்துமா கண்ணு? போன வாரத்து வெலைய எவன் வந்து கேக்கறான்?" என்றார். தொடரின் தலையை ஒரு பெயரால் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால், நடந்துபோன உறுப்பு ஒன்றைக்கூடக் கணிப்பொறி விட்டொழிக்க முடியாமல் நினைவகம் நிரம்பித் திணறும் என்று கெட்டிக்கார நிரலாளர்கள் பலமுறை சூடுபட்டுக் கற்ற பாடத்தை, ஆயா ஒரு கட்டைவிரலில் வைத்திருந்தார்.

சோம்பலுக்கும் எல்லை உண்டு என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஓடுகின்ற மொத்தத்தைக்கூட "அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போட்டால், ஹாஸ்கெலில் கூட்டப்படாத கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, என்றோ ஒருநாள் விடை கேட்கும்போது மொத்தமாகச் சரியும். மளிகைக் கடையில் ஆறு மாதம் கணக்குப் பார்க்காமல் விட்ட குடும்பஸ்தர்கள் தீபாவளிக்கு முதல் நாள் அடையும் நிலை அதுவே. ஆதலால் தொடரைச் சோம்பலாகவும் மொத்தத்தை உடனுக்குடனும் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒரு விநோதத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. குளோஜரில் சிலவகைத் தொடர்களிடம் ஒரே ஓர் உறுப்பைக் கேட்டாலும், முப்பத்திரண்டை ஒருசேர உண்டாக்கிவிட்டே ஒன்றைக் கையில் தருகின்றன. நம் மொத்த வியாபாரியிடம் ஒரு முட்டை கேட்டால் முப்பது முட்டை அட்டையைப் பிரித்தே ஒன்று தருவார். இரண்டு அதிகப்படியாகக் கொடுக்கும் பெருமை அந்த மொழிக்கே உரியது.

காசுக் கணக்கின் பெருமையும் சாமானியமன்று. விலையை ரூபாயும் பின்னமுமாகக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அதன் இரும எண் முறையில் பத்தில் ஒன்று துல்லியமாக அடங்காததால், கூட்டியும் கழித்தும் போகப்போகத் துளிப்பிழைகள் சேர்ந்துகொண்டே வரும். நாமக்கல்லில் 525 காசு என்று முழு எண்ணில் பேசும் வழக்கம் அந்தப் பிழையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முதல் ஆறு நாட்களுக்குச் சராசரி எதுவென்று சிலர் வாதாடுவர். கிடைத்தவரை வகுத்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். என் தீர்ப்பு, ஆறு நாளும் மௌனமே விடை என்பது. இதை எழுதி முடிக்கும் இன்று என் குறிப்பேட்டில் ஐந்து நாள் விலைகளே உள்ளன. ஆகையால் இவ்வாரச் சராசரி வேண்டுவோர் நாளை மறுநாள் மாலைக்குமேல் நேரில் வந்து கேட்கவும். கேட்காதவர்களுக்காகக் கணக்குப் போடும் உத்தேசம் எனக்கு இல்லை.