புகுத்தியல்: வே பிரிட்ஜ் அறைக்கு ஓர் இலக்கணம்

எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு வே பிரிட்ஜ் அறையை எண்ணிக்கொள்க. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில், எழுதியவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாத 32 பிட் மென்பொருள். சீட்டு அடிக்கும், வேறொன்றும் அறியாது. 2016 ஜூலை 1 முதல் கப்பலேறும் சரக்குக் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடை (விஜிஎம்) வேண்டும் என்று கப்பல் பாதுகாப்புக்கான பன்னாட்டு சோலாஸ் விதி வந்துவிட்டது. டிரெய்லரின் எடையைக் கழித்து விஜிஎம் சீட்டு தர வேண்டும். சோர்ஸ் கோடு கிடையாது. "தம்பி, மிஷினை ஆஃப் பண்ணாம எதுனா பண்ணு, வெளிய லைன் நிக்குது" என்கிறார் ஆபரேட்டர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் வேற்று நூலகத்தைப் புகுத்தும் புகுத்தியல் பிறக்கும் களம் இதுவே.

புகுபொருள் இருவகைப்படும்: நேட்டிவ், மேனேஜ்டு. நேட்டிவ் டிஎல்எல் என்னும் நூலகக் கோப்பு தனியே போகும். மேனேஜ்டு என்பது சி ஷார்ப் முதலியவற்றில் எழுதிய டாட்நெட் நூலகம். டாட்நெட்டை ஓட்டும் சிஎல்ஆர் என்னும் பரிவாரமின்றி ஓரடியும் வைக்காது. ஆகவே தம்பி முதலில் ஒரு சிறு நேட்டிவ் டிஎல்எல்லைத் தூது அனுப்புகிறான். ஓப்பன்பிராசஸால் பிடி வாங்கி, விர்ச்சுவல்அல்லாக்எக்ஸால் இடம் பெற்று, ரைட்பிராசஸ்மெமரியால் கோப்பின் பாதையை எழுதி, கிரியேட்ரிமோட்த்ரெட்டால் எடை மென்பொருளையே லோட்லைப்ரரியை அழைக்க வைக்கிறான். தூது உள்ளே போய் சிஎல்ஆரைக் கிளப்பி, சி ஷார்ப் நூலகத்தைக் கூப்பிடும். அங்கும் ஆசாரம் உண்டு: ஒரே ஒரு ஸ்டிரிங் வாங்கி ஓர் இன்டிஜரைத் திருப்பும் ஸ்டாட்டிக் மெத்தடுக்கே அனுமதி.

விலக்குகள்: நூலகம் ஏறும்போதே ஓடும் டிஎல்எல்மெயினுக்குள் சிஎல்ஆரைக் கிளப்பற்க; லோடர் லாக்கில் மாட்டி வே பிரிட்ஜ் உறையும், ஆபரேட்டர் உறையமாட்டார். 64 பிட் நூலகத்தை 32 பிட் நிரலுக்குள் திணியற்க. உள்ளே போன சிஎல்ஆர், நிரல் மூடும்வரை வெளியேறாது; மறுநாள் ஷிப்டுக்கும் அது அங்கேயே இருக்கும்.

புகும் வழி நால்வகை என்பர். ரிமோட் த்ரெட் மேலே சொல்லப்பட்டது. செட்விண்டோஸ்ஹூக்எக்ஸ் வழி, ஜன்னல் உள்ள நிரல்களுக்கு. புரொஃபைலர் வழி, டாட்நெட் நிரல் தொடங்கும்போதே சூழல் மாறியைப் பார்த்து சிஎல்ஆரே அழைத்துக்கொள்வது. கண்காணிப்புக் கருவிகள் பெரிதும் இப்படித்தான் நுழைகின்றன. நாலாவது ஆப்இனிட், செக்யூர் பூட் உள்ள கணினியில் விண்டோஸ் 8 முதலே அது அடைபட்டது.

ஐந்தாவதாகப் பிறவிப் புகுத்தலை நான் சேர்க்கிறேன். பழைய உரைகாரர் ஒப்பமாட்டார். 2017-இல் உக்ரைனின் எம்.இ.டாக் கணக்கு மென்பொருள் தன் புதுப்பிப்பில் கொண்டுவந்த டாட்நெட் நூலகத்துக்குள்ளேயே கள்ளக்கதவு இருந்தது. த்ரெட் வேண்டியதில்லை, பிடி வேண்டியதில்லை. மென்பொருள் தன் கையாலேயே அதை ஏற்றிக்கொண்டது. அவ்வழி பரவிய நாட்பெட்யா என்னும் நாசநிரல் ஜூன் 27-இல் கப்பல் குழுமமான மெர்ஸ்க்கைச் சாய்த்தது. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் தடுமாறியது. தொலைதேசத்து வரிக்கணக்கால் இங்கே கன்டெய்னர் நகரவில்லை. என் கணக்கில் ஐந்தில் இதுவே மூத்தது.

எவ்வழி வந்தாலும், புகுவோன் எண்ணத்தால் இருவகை: எடையைப் படிப்பவன், எடையைத் திருத்துபவன். இருவர் கோடிலும் வேறுபாடு ஒரு வரிதான். முத்திரை ஆய்வாளர் வைக்கும் முத்திரை எடைக்கருவியில் இருக்கும். மென்பொருளின் மெமரியில் வைக்க முத்திரை இல்லை. ஆகையால் அனுபவமுள்ள டிரைவர் சீட்டை நம்பாமல், கருவியின் சிவப்பு எண்ணை எட்டிப் பார்த்துவிட்டே வண்டியை எடுப்பார்.

ஆன்டிவைரஸுக்கு இந்த வகைப்பாடு எட்டாது. தம்பியின் விஜிஎம் நூலகத்தைத் திருடன் என்றே பிடிக்கும். அவனும் அந்த ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவிட்டு டீ குடிக்கப் போவான். அந்த ஃபோல்டரில் நாளை வந்து குடியேறுபவன் எவ்வகை என்பது இரண்டாம் இயலில் கூறப்படும்.