வண்டிக்கு அடியில் ஒரு சரித்திரம்

கிளப்பில் உட்கார்ந்து கட்டுகிற பந்தயத்தில் உருப்பட்டது குறைவு. 1903 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ யூனிவர்சிட்டி கிளப்பில் ஒரு கூட்டம் மோட்டார் காரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது. அது பணக்காரன் வீட்டுப் பொம்மை, நாலு தெரு ஓடும், ஐந்தாவது தெருவில் குதிரை வந்து இழுக்க வேண்டும், இதில் ஏறி அமெரிக்காவைக் குறுக்கே கடப்பதாவது! கேட்டுக்கொண்டிருந்த ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வயது 31. தொழில் டாக்டர். ஊர், நாட்டின் மறு கோடியில் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன். போய்க் காட்டுகிறேன் பார் என்று 50 டாலர் பந்தயம் கட்டிவிட்டார்.

டாக்டரின் தகுதிகள் வருமாறு: சொந்தக் கார் கிடையாது. ஓட்டிய அனுபவம் ஏறக்குறைய பூஜ்யம். வழி தெரியாது. கையில் வரைபடமும் இல்லை. ஆனால் மாமனார் வீடு கெட்டியான வீடு. 'பெய்ன்ஸ் செலரி காம்பவுண்ட்' என்ற டானிக் விற்றுப் பெரும் பணம் சேர்த்த குடும்பம். குடித்தவர்களுக்கெல்லாம் உடனே தெம்பு வந்ததாம். வராமல் எங்கே போகும்? கீரைத்தண்டு பெயர் போட்ட அந்த பாட்டிலுக்குள் கணிசமாக இருந்தது சாராயம். டாக்டரின் மனைவி பெர்த்தா மகா விவேகி. கணவர் காரில் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் தான் ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அதனால் 22 வயது மெக்கானிக் ஒருவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். பெயர் சூவல் கிராக்கர். சரித்திரப் புத்தகங்கள் இவனை டாக்டரின் 'துணைக்கு வந்தவர்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகரும். உண்மையில் இந்தப் பயணம் முழுக்க இவனுடையது. டாக்டர் மேலே உட்கார்ந்து உலகப் புகழ் அடைந்தார், இவன் கீழே படுத்து கிரீஸ் அடைந்தான்.

வின்டன் வண்டி வாங்கலாம் என்று யோசனை சொன்னதும் கிராக்கர்தான். பாவம், பிறகு அவன் பட்ட பாட்டையெல்லாம் பார்த்தால் இந்த ஒரு யோசனைக்கான தண்டனை என்றே தோன்றும். இரண்டு சிலிண்டர், 20 குதிரைசக்தி, சீட்டுக்கு அடியில் எஞ்சின், பின் சக்கரத்துக்குச் செயின். தலைக்கு மேல் கூரை இல்லை, முகத்துக்கு முன்னால் கண்ணாடி இல்லை. புது வண்டி 2,500 டாலர். டாக்டர் அவசரத்தில் யாரோ ஓட்டிய வண்டியை 3,000 கொடுத்து வாங்கினார். பழசுக்குப் புதுசை விட அதிக விலை கொடுக்கும் வித்தையை மருத்துவக் கல்லூரியில் கற்றுத்தருகிறார்களா தெரியவில்லை. வண்டிக்கு 'வெர்மான்ட்' என்று பெயரும் வைத்தாயிற்று.

வின்டன் கம்பெனியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முதலாவது, 1901-ல் இதே பயணத்தை அதன் முதலாளி அலெக்ஸாண்டர் வின்டனே முயன்று நெவாடா மணலில் புதைந்து திரும்பியிருந்தார். செய்தவனே கைவிட்ட வண்டி. இரண்டாவது, ஜேம்ஸ் பேக்கார்டு என்பவர் ஒரு வின்டன் வாங்கி, அது படுத்தும் பாடு தாங்காமல் முதலாளியிடம் போய் முறையிட, 'அவ்வளவு கெட்டிக்காரனானால் நீயே ஒன்று செய்துகொள்ளேன்' என்று பதில் வந்ததாம். அவரும் செய்துகொண்டார். பேக்கார்டு என்ற பிரபல கார் பிறந்த கதை அது என்பார்கள்.

மே 23-ஆம் தேதி கிளம்பினார்கள். கோடாரி, மண்வெட்டி, தொலைநோக்கி, கோடாக் கேமரா, தூக்கப் பை, தண்ணீர்ப் பை, பெட்ரோல் டின், எண்ணெய் டின், கப்பியும் கயிறும், துப்பாக்கிகள் என்று ஒரு சின்னப் படையெடுப்புக்கான சாமான் பின்னால் ஏறிற்று. மாற்று டயர் ஒன்றே ஒன்று. ஊரெல்லாம் தேடி அந்த அளவில் அகப்பட்டதே அதுதான். படகில் வளைகுடாவைக் கடந்து ஓக்லண்டில் இறங்கி 15 மைல் போவதற்குள் டயர் வெடித்தது. இருந்த ஒரே ஸ்டெப்னியும் முதல் நாளே வேலைக்கு வந்துவிட்டது. சேக்ரமென்டோவில் புது டயர் கேட்டால் பழைய டியூப் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்கள்.

நெவாடா மணலுக்குப் பயந்து, கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் வடக்கே போனார்கள். பாதை என்று சொல்லப்பட்டதெல்லாம் மாட்டு வண்டித் தடமும் காய்ந்த ஓடையும்தான். வண்டி போட்ட ஆட்டத்தில் சமையல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எஞ்சின் சத்தத்தில் அது இவர்கள் காதில் விழவே இல்லை. ஓடைகளில் வண்டி நின்றுபோனால் அக்கரையில் எதிலாவது கப்பியைக் கட்டி இழுக்க வேண்டும். காரில் போவது என்பதற்கு 1903-ல் காரை இழுத்துக்கொண்டு போவது என்றும் பொருள் கொள்ளலாம்.

வழியில் ஒரு அம்மணியிடம் பாதை கேட்டார்கள். அந்த அம்மாள் நம்பிக்கையோடு கை நீட்டினாள். போனார்கள், 54 மைல். அங்கே ஒரு வீட்டோடு பாதை முடிந்துவிட்டது. அது அந்த அம்மாளின் சொந்தக்காரர்கள் வீடு. அவர்கள் மோட்டார் காரைப் பார்த்ததில்லையாம், பார்க்கட்டுமே என்று அனுப்பிவைத்தாளாம். திரும்பி வர இன்னொரு 54 மைல். வழி தெரியாவிட்டாலும் தெரியாது என்று சொல்லாதவர்கள் நம்மூரில் ஏராளம். தெரிந்தே அனுப்பிய இந்த அம்மாளின் தைரியம் அவர்களுக்குக்கூட வராது.

டயர்கள் மேலும் வெடித்தன. டியூபும் தீர்ந்தது. கிராக்கர் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினான். கயிற்றுச் சக்கரத்தோடு, டயர் கேட்டு அடிக்கத் தந்தி ஆபீஸ் எங்கே என்று தேடிக்கொண்டு ஊர்ந்தது இருபதாம் நூற்றாண்டு. ஆல்ட்யூராஸ் என்ற ஊரில் டயருக்காக மூன்று நாள் காத்திருந்து, ஊர்க்காரர்களை வண்டியில் ஏற்றிச் சுற்றிக்காட்டிப் பொழுதைப் போக்கினார்கள். டயர் வரவில்லை. எதில் வரவேண்டிய டயர்? குதிரை வண்டியில். குதிரைக்கு ஓய்வு கொடுக்க வந்த வாகனம் குதிரையின் வரவை எதிர்பார்த்துத் தெருவில் நின்றது.

ஆரிகனில் விவகாரம் முற்றியது. ஜூன் 6-ஆம் தேதி வண்டி அடியோடு படுத்துவிட, மாடு மேய்க்கும் கௌபாய் ஒருவன் குதிரையில் கட்டிப் பண்ணை வரைக்கும் இழுத்துப்போனான். கிராக்கர் அடியில் புகுந்து அதைச் சரிசெய்தால், இன்னொரு பக்கம் கசிவு. இருந்த பெட்ரோல் முழுவதும் மண் குடித்துவிட்டது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று பிறக்காத காலம். 25 மைல் தள்ளி பர்ன்ஸ் என்ற ஊரின் கடையில்தான் வாங்க வேண்டும். டாக்டர் தயங்காமல் ஒரு சைக்கிளை வாடகைக்குப் பிடித்தார், கிராக்கரை ஏற்றி அனுப்பினார். போகிற வழியில் சைக்கிளும் பஞ்சர். நாலே நாலு காலன் பெட்ரோலோடு வந்து சேர்ந்தான். விலை ஏறக்குறைய 20 டாலர். பந்தயப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த நாலு காலனில் போயிற்று.

அடுத்து எண்ணெய் தீர்ந்தது. இந்த முறை டாக்டரே நடந்தார். கடந்துவந்த ஊருக்குத் திரும்பிப் போய் எண்ணெய் வாங்கிச் சுமந்து வந்து ஊற்றி, வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போனால் முன்னால் வேல் என்ற ஊர் நிற்கிறது. மூச்சு விடுகிற தூரத்தில் இருந்த ஊரை விட்டுவிட்டு முதுகுப் பக்கம் நடந்திருக்கிறார். எண்ணெய் வாங்கும் வேலையை அதற்குப் பிறகு யாரிடம் ஒப்படைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஐடஹோவில் கால்டுவெல் பக்கம் 15 டாலருக்கு ஒரு நாய் வாங்கினார் டாக்டர். பெயர் பட், சாதி புல்டாக் வகை. உப்புப் புழுதி அதன் கண்ணை அரித்ததால் அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். அவ்வளவுதான், பத்திரிகைக்காரர்களுக்குக் கண் திறந்துவிட்டது. அதுவரை இரண்டு பைத்தியங்கள் ஒரு ஓட்டை வண்டியில் போவது செய்தியாக இருந்தது. இப்போது கண்ணாடி போட்ட நாய் கிடைத்துவிட்டது. ஊர் ஊராகப் படம் எடுத்தார்கள். படம் எடுக்கிற நேரத்தில் கிராக்கர் எங்கே இருந்திருப்பான் என்று யோசித்தால் மனசு கேட்காது.

ஜூன் 16-ஆம் தேதி டாக்டரின் கோட்டு பறந்து விழுந்தது. பணத்தில் பெரும்பகுதி அதன் பையில். பெர்த்தாவுக்குத் தந்தி பறந்தது: செயென் நகருக்குப் பணம் அனுப்பவும். அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் 36 மணி நேரம் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் ஆடு மேய்க்கும் ஒரு புண்ணியவான் கண்ணில் பட, அவன் வறுத்த ஆட்டுக்கறியும் வேகவைத்த சோளமும் போட்டு உயிர் கொடுத்தான்.

பிறகு சக்கர பேரிங் போயிற்று. பேரிங் போனால் என்ன ஆகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். முதலில் சன்னமாக ஒரு கீச்சு, அப்புறம் அரைக்கிற சத்தம், அப்புறம் தொட்டால் கை பொத்துக்கொள்கிற சூடு. உள்ளே உருள வேண்டிய குண்டுகள் தேய்ந்து உருளாமல் உராய்கின்றன என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடை இல்லை. ஒரு பண்ணையில் புல் வெட்டும் இயந்திரம் நின்றது. கிராக்கர் அந்த விவசாயியிடம் பேசி, இயந்திரத்தின் பேரிங்கைக் கழற்றி வாங்கி வண்டியில் போட்டுவிட்டான். என்ன பேசியிருப்பான்? 'ஐயா, இது தேச சரித்திரம்' என்றா? 'என் புல்லை யார் வெட்டுவது, சரித்திரமா?' என்று அவர் கேட்டிருக்க மாட்டாரா? எஞ்சினைக் கழற்றத் தெரிந்தவன் உலகத்தில் நூறு பேர் இருப்பான். அடுத்தவன் இயந்திரத்தை அவன் சம்மதத்தோடு கழற்றத் தெரிந்தவன்தான் பிறவி மெக்கானிக்.

வயோமிங்கில் எஞ்சினுக்கே ஆபத்து வந்தது. கனெக்டிங் ராடு புட்டுக்கொண்டது. பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கிறதை கிராங்க் ஷாப்டுக்குக் கொண்டுபோய்ச் சுற்றாக மாற்றுகிற கை அது. அது போனால் பிஸ்டன் குதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், வண்டி ஓர் அங்குலம் நகராது. கயிறு சுற்றியோ, புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து பிடுங்கியோ சமாளிக்கக்கூடிய பாகமல்ல. கிளீவ்லேண்டில் இருந்த கம்பெனிக்குத் தந்தி அடித்துவிட்டு, ரயிலில் அது வந்து சேரும்வரை நாட்களை எண்ணினார்கள். ரயில் இல்லாமல் நாட்டைக் கடக்கலாம் என்று நிரூபிக்கக் கிளம்பியவர்கள், ரயில் எப்போது வரும் என்று ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குள் ஜூன் 20-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பேக்கார்டு கம்பெனி தன் வண்டி ஒன்றைக் கிளப்பிவிட்டிருந்தது. வின்டனிடம் திட்டு வாங்கிய அதே பேக்கார்டுதான். அதற்குப் பின்னால் ஓல்ட்ஸ்மொபைலும் வந்தது. தொழிற்சாலையே முதுகுக்குப் பின்னால் நிற்கிற இரண்டு வண்டிகள் ஒரு பக்கம். சீட்டுக்கு அடியில் கிராக்கர் ஒரு பக்கம்.

ஜூலை 12-ஆம் தேதி ஓமஹா வந்ததும் பாதை கொஞ்சம் மனிதத்தனமாயிற்று. அதற்காக விதி சும்மா விடவில்லை. பஃபலோ நகரைத் தாண்டியதும் பாதையில் மறைந்திருந்த ஏதோ ஒன்றில் மோதி டாக்டர், மெக்கானிக், நாய் மூவரும் ஆகாயத்தில் பறந்து இறங்கினார்கள். தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறி, ஜூலை 26-ஆம் தேதி நியூயார்க் சேர்ந்தார்கள். கிளம்பி 63 நாள் ஆகியிருந்தது. நாட்டைக் குறுக்கே கடந்த முதல் கார். செலவான பெட்ரோல் 800 காலனுக்கு மேல். செலவான பணம், வண்டி உட்பட, 8,000 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே கைக்கு வரவில்லை. பந்தயப் பணம் 50 டாலரை டாக்டர் கடைசிவரை வாங்கவில்லை.

வழியில் காரை ரயிலில் ஏற்றித்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்று வதந்தி கிளம்பியது. நிரூபிப்பவர்களுக்கு 10,000 டாலர் பரிசு என்று வின்டன் கம்பெனி அறிவித்தது. யாராலும் முடியவில்லை. ரயிலில் வந்தது உதிரிபாகங்கள் மட்டும்தானே.

நியூயார்க்குக்கு வந்திருந்த மனைவியோடு டாக்டர் சொந்த ஊருக்குக் கிளம்பினார். வீட்டுக்கு 15 மைல் இருக்கும்போது வண்டி நின்றது. உதவிக்குச் சகோதரர்கள் இருவர் ஆளுக்கொரு காரில் வந்தார்கள். அந்த இரண்டும் நின்றன. வின்டன் மட்டும் மனசு மாறி உறுமிக் கிளம்பி, அந்த இரண்டு வண்டிகளையும் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. வீட்டு ஷெட்டின் நிலைப்படியைத் தாண்டுகிற கணத்தில் அதன் செயின் பட்டென்று அறுந்தது. வழி நெடுக மாற்றப்படாமல் தப்பித்திருந்த சில பாகங்களில் அது ஒன்று. அந்த அக்டோபரிலேயே பர்லிங்டனில் மணிக்கு 6 மைலுக்கு மேல் ஓட்டிய குற்றத்துக்காக டாக்டரைப் பிடித்து அபராதம் போட்டார்கள். கயிற்றுச் சக்கரத்தோடு ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரனையும் காணவில்லை.

டாக்டர் முதல் உலகப்போரில் வீரப்பதக்கம் வாங்கி, 1955 வரை நிறைவாக வாழ்ந்தார். 1944-ல் அந்த வண்டியை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நாயின் கண்ணாடியும் அங்கே பத்திரமாக இருக்கிறது. கிராக்கர் 1913-லேயே, முப்பது வயதைத் தாண்டிய கையோடு செத்துப்போனான். அவன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? பட்டின் பெயரில் குழந்தைகளுக்குப் படக்கதையே உண்டு. கார் வைத்திருப்பவர்கள் அந்த நாயிடம்தான் பாடம் படிக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாய் தவறிக்கூடக் கேட்கக் கூடாது.