ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு திருட்டு

ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் ஒரு பட்டுச் சேலை திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். (போகவில்லை. ஊர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) தறியிலிருந்து அறுத்து மடித்துத் திண்ணையில் வைத்ததை ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புகிறான். இவனை என்ன செய்வது என்று நம் முன்னோர் ரொம்ப காலமாக யோசித்திருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்துப் புகாரில் இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளிடை மன்றத்தில் பெயர் எழுதிய பொதிகள் பூட்டும் காவலும் இல்லாமல் கிடக்கும். கை வைத்தவன் தலையில் பொதி ஏறிக்கொள்ளும். இறக்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது, கழுத்து கடுக்க அங்கேயே சுற்ற வேண்டியதுதான். எஃப்.ஐ.ஆர். கிடையாது, வாய்தா கிடையாது. பக்கத்திலேயே பூத சதுக்கம். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பாசத்தால் கட்டி அடித்துத் தின்றுவிடும். அந்தப் பூதத்தை மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அங்கே ஒரு பொற்கொல்லன் சொன்னான், ராஜா நம்பினார், உயிர் போயிற்று. விசாரணை என்ற சின்ன விஷயம்தான் விட்டுப்போனது.

கௌடில்யர் வேறு ரகம். வேலையைப் பூதத்திடம் விடாமல் தராசை நம்பினார். அர்த்தசாஸ்திரத்தில் திருடனைத் தேடி அவர் முதலில் தெருவுக்குப் போகவில்லை, நேரே தறிக்குழிக்கு வந்து உட்கார்ந்தார். பத்துப் பலம் நூல் கொடுத்தால் பதினோரு பலம் துணி வர வேண்டும், ஏனென்றால் கஞ்சி ஏறும். குறைந்தால் அபராதம். நூலை மாற்றிவைத்தால் நூல் விலையைப்போல் இரண்டு மடங்கு. வண்ணாரையும் விடவில்லை: வெளுக்கப் போட்ட துணியை உடுத்திக்கொண்டு போனால் மூன்று பணம், விற்றாலோ அடகு வைத்தாலோ வாடகைக்கு விட்டாலோ பன்னிரண்டு. வாடகைக்கு விடுவது வரை யோசித்தவருக்கு வீட்டில் என்ன அனுபவமோ.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. சேவூர் நெசவாளர் யாராவது படித்தால் கௌடில்யருக்குக் கோயில் கட்டுவார். நூலின் விலை எவ்வளவோ அவ்வளவு நெசவுக்கூலி. பட்டு என்றால் ஒன்றரை மடங்கு! இன்றைக்குப் பட்டு நூல் விற்கிற விலையில் அந்தக் கூலியைக் கேட்டால் கேட்டவரைத்தான் போலீஸ் பிடிக்கும். அபராதப் பகுதியை மட்டும் ஒவ்வொரு ராஜாங்கமும் பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொண்டது.

பிறகு கம்பெனி வந்தது. சென்னை ராஜதானியில் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816இல் ஊர் மணியக்காரர்களுக்குக் குட்டி நீதிபதி வேலை கொடுத்தார்கள். வசவு, சில்லறை அடிதடி இதற்கெல்லாம் ஆளைப் பன்னிரண்டு மணி நேரம் அடைத்து வைக்கலாம். ‘தாழ்ந்த சாதி’க்காரர் என்றால் ஆறு மணி நேரம் தொழுமரத்தில் மாட்டலாம், இப்படி இழிவான தண்டனை கொடுப்பது தகாதது அல்ல என்று படுகிறவர்களை மட்டும் என்று சட்டமே பவ்யமாக எழுதியிருந்தது. குற்றம் ஒன்று, வசவு ஒன்று. ஒருவர் சாவடியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் காலைக் கட்டையில் கொடுத்துவிட்டு வெயிலில் ஊரே வேடிக்கை பார்க்கக் கிடப்பார். வெள்ளைக்காரன் சமத்துவம் கொண்டுவந்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த 11ஆம் ரெகுலேஷனை ஒருமுறை புரட்டலாம். நம்மூர்ப் பழக்கத்தை எடுத்து, நம்பர் போட்டு, அச்சடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

துப்புத் துலக்கும் முறையும் எளிது. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டி. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வளைக்கும் அண்ணாந்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதுதான், வரி வசூலிக்கவும் இதுதான். 1855இல் சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தபோது துரைமார்கள் திடுக்கிட்டார்கள். வசூலான பணம் வந்து சேர்ந்தவரை திடுக்கிடவில்லை.

மெக்காலே புண்ணியத்தில் 1860இல் தண்டனைச் சட்டம் வந்தது. திருட்டுக்கு 379: மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். கோழியானாலும் கோர்வைச் சேலையானாலும் ஒரே பிரிவு. அது போதாதென்று 1864இல் சவுக்கடிச் சட்டம். சவுக்கடியை ஒழிக்கச் சுதந்திர இந்தியாவுக்கு 1955 வரை ஆனது.

இதற்கிடையில் 1985இல் சேவூரின் உண்மையான திருட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு சேலையைத் தூக்கியவனுக்கு மூன்று வருஷம். ஊரின் தறிச்சத்தத்தையே தூக்கியவனுக்கு ஆறு மாதம். கௌடில்யர் நூல் மாற்றியதற்கே இரண்டு மடங்கு கேட்டவர்.

இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. சேலை தூக்கிய நம் ஆள் இதில்தான் நிமிர்ந்து உட்கார்கிறான். திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை மாட்டியவன், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் ஜெயில் இல்லை, சமூக சேவை. தெருக் கூட்டலாம், மரம் நடலாம்.

ஆனால் ஆரணிப் பட்டை எந்தக் கணக்கில் மதிப்பிடுவது? கடையில் தொங்கும் சீட்டிலுள்ள விலையா, முதலாளி புத்தகத்தில் எழுதிய விலையா, நெய்தவர் கைக்கு வந்த கூலியா? கூலிக் கணக்கு என்றால் நம் ஆள் தாராளமாகத் தப்பிப்பான். சீட்டு விலை என்றால் மூன்று வருஷம் வரை போகும். அவனுடைய வக்கீல் கெட்டிக்காரர். திருடு போனது ஆடி மாதம், தள்ளுபடி போர்டு மாட்டிய பிறகு என்பதற்கு இரண்டு சாட்சி வைத்திருக்கிறார்.