பாட்டி நீட்டும் காபி

அமெரிக்காவின் யூட்டாவில் மீசை அரும்பிய 18 வயதுப் பையனை மோர்மன் என்னும் கிறிஸ்தவ சபை 2 ஆண்டு ஊழியத்துக்கு இத்தாலிக்கு அனுப்புகிறது. செலவு பெரும்பாலும் வீட்டுக் காசு. போப்பாண்டவர் வாசலிலேயே மதம் மாற்றும் வேலை. கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப் பட்டை. குளியலறை தவிர எங்கும் பிரியக்கூடாத கூட்டாளி ஒருவன். தெருவெல்லாம் கதவைச் சாத்தியபின், ஒரு பாட்டி திறந்து எஸ்பிரெஸோவை நீட்டுகிறாள். சபை விதிப்படி காபி, டீ, மது மூன்றும் ஆகாது. மறுத்தால் பாட்டிக்குக் கோபம், குடித்தால் கர்த்தருக்கு.

2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம் என்பது ஆறுதல். பாட்டிகள் பாஸ்தாவோடு இத்தாலிய மொழியையும் ஊட்டிவிடுகிறார்கள். ஊழியம் முடியும்போது மனம் மாறியவர்கள் கையளவு. மாறிப்போனது பையனின் இடுப்பளவு.